ரங்கநாதன் சார் சொன்ன ஒரு பொய்

செய்தி வந்தபோது நான் செஞ்சி கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். யூனியன் ஆபீஸ் பியூன் ஏழுமலை சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நர்ஸம்மா, ரங்கநாதன் சார் பூட்டாரும்மா" என்றான். "எந்த ரங்கநாதன்?" என்று கேட்டேன். சிங்கவரத்து மலையில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் புண்ணியத்தில் இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு ரங்கநாதன் உண்டு. ஆனால் ஏழுமலை என்னைத் தேடி வந்து சொல்ல வேண்டிய ரங்கநாதன் ஒருவர்தான். அது தெரிந்தேதான் கேட்டேன். "நம்ம சாருதாம்மா. அம்மை குத்துற சாரு. காலைல குளிச்சிட்டு வந்து நாற்காலில குந்தினாராம். அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றான். கடைக்காரர் அரைக் கிலோ புளியைப் பொட்டலம் கட்டி நீட்டினார். அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் நான் வீட்டுக்கு நடந்தேன்.

அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. பதினான்கு வருடம் ஒரே ஜீப்பிலும் ஒரே கட்டை வண்டியிலும் அலைந்த மனிதர் போய்விட்டார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். யாரோ வேற்றூர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது. உடம்பு தன் பாட்டுக்குச் சமைக்கிறது, பிரசவம் பார்க்கிறது, தூங்குகிறது.

இரங்கல் கூட்டத்தில் பேச வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். பிரசவ அறையில் அதட்டிப் பேசத்தான் எனக்குத் தெரியும், மேடை ஆகாது. எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அவரைப் பற்றிய ஒரு கதையும் தெரியும். சாமி இல்லை என்று சொல்லித் திரிந்த மனிதர், தன் காரியம் ஆக வேண்டும் என்று ஒரு கிராமத்துப் பெண்ணைப் பொய்யாகச் சாமியாட வைத்தார், அதனால் பின்னால் ஓர் உயிர் போயிற்று என்பது அந்தக் கதை. உயிரோடு இருந்தவரை அவர் அதை மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டியவள் நான். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் இந்தக் காகிதம்.

அவர் வேலை ஊர் ஊராகப் போய் அம்மை குத்துவது. என் வேலை பிரசவம் பார்ப்பது. சில நாள் அவருக்குத் துணையாக மருந்து ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. நான் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் எனக்குத் தலை வலிக்கும். அவர் எந்தக் கோயிலுக்கும் போனதில்லை. "பேரு மட்டும் ரங்கநாதன்" என்று சீண்டினால், "எங்க நைனா வெச்ச பேரு. என்னைக் கேட்டா வெச்சாரு?" என்பார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி எதிரெதிரே இரண்டு சுவர்கள் இருந்தன. ஒன்றில், ஆண்டவனை நம்பினால் நோயே அண்டாது என்று எழுதியிருக்கும். மற்றதில், ஆண்டவனே கிடையாது என்று அதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "சார், நீங்க எந்தச் சுவர்?" என்று கேட்டேன். அவர் இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். "ரெண்டையும் எழுதனது ஒரே பெயிண்டர்தான். அவனுக்கு அம்மை குத்தியாச்சா, அதைக் கேளுங்க" என்றார். விசாரித்ததில் பெயிண்டருக்குக் குத்தியிருக்கவில்லை. மறுநாளே அவன் கையைப் பிடித்துவிட்டார்.

இரண்டாவது சுவர்க்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்து மேடைக்குக் கூப்பிடுவார்கள். போகமாட்டார். "சொல்றவன் யாருன்னு பாக்காத. எப்பிடித் தெரியும்னு கேளு" என்பது அவர் பேச்சு. ஐயரிடமும் கேட்பார், பாதிரியாரிடமும் கேட்பார், மேடைக்காரரிடமும் கேட்பார். அதனால் அவரை யாருக்கும் முழுசாகப் பிடிக்காது.

அரசாங்கத்தையும் அவர் விடவில்லை. ஒரு தடவை மேலிடத்திலிருந்து அம்மை குத்துவது பற்றிப் படம் போட்ட நோட்டீஸ் ஒரு கட்டு வந்தது. சிரித்த முகத்தோடு ஒரு குழந்தை. கீழே 'வலிக்காது, பயமில்லை' என்ற வரி. அவர் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டீஸிலும் அந்த வரியை மையால் அடித்தார். அம்மை குத்திக்கொண்டவர்களுக்குத் தெரியும்: மருந்துத் துளியைக் கையில் வைத்து, பல் பல்லாக இருக்கும் வட்டத் தகட்டை அதன் மேல் அழுத்தித் திருக வேண்டும். வலிக்கத்தான் செய்யும். நான் தடுத்தேன். "வலிக்காதுன்னு சொல்லி இந்த வருஷம் குத்திட்டுப் போயிடலாம். அடுத்த வருஷம் எந்த மூஞ்ச வெச்சிக்கினு கதவைத் தட்டறது? வலிக்கும், ரெண்டு நாள் காய்ச்சல் வரும், புண்ணு ஆறும்னு சொல்லுவோம். அதுக்கும் கைய நீட்டறவன் நீட்டட்டும்" என்றார். அவருக்கு மேலிடத்திலிருந்து ஒரு மெமோ வந்தது. அதையும் பத்திரமாக வைத்திருந்தார்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், சிரிக்கிற விஷயம். எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. அம்மன் ஒரு கிழவி உருவத்தில் தோன்றினாளாம். இதைப் பதினொரு பேருக்கு எழுதி அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று எழுதியிருந்தது. பயந்துபோய் ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பத்துப் பேருக்கு எழுதிவிட்டேன்; பதினோராவது ஆள் கிடைக்கவில்லை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணு எழுதுங்க நர்ஸம்மா. மத்த பத்தையும் என்கிட்டயே குடுங்க. என்கிட்ட வந்தா நின்னுடும்" என்றார். கொடுத்துவிட்டேன். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இனி அந்த ஊருக்கு வருகிறேன். வல்லத்துக்கு மேற்கே இருக்கிறது, பெயர் வேண்டாம். ஒரு சித்திரை மாதம், வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவனுக்குப் பெரியம்மை கண்டது. அடுத்த வீட்டிலும் வாசலில் வேப்பிலை ஏறியது. நாங்கள் போன அன்று அங்கே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். புளியமரத்தில் கட்டிய மைக் செட் குழாய் பேட்டரியில் அலறிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு நடுவே ஒரு குரல்: "காப்பு அவுக்கற வரிக்கும் ஊரு ஜனங்க ஒடம்புல யாரும் ஊசி படக்கூடாது. ரத்தம் சிந்தக்கூடாது. இது ஆத்தா உத்தரவு." இதையே ஒரு மணிக்கு நாலு தடவை சொன்னார்கள்.

மூன்று நாள் வீடு வீடாக ஏறினோம். விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான் கை நீட்டினார்கள். சார் ஒவ்வொரு வாசலிலும் நின்று, வலிக்கும் என்பது முதல் ஆரம்பித்து முழுசாகச் சொல்வார். உள்ளிருந்து, "ஆத்தா வெளாடற வூடு, போயிட்டு அப்புறம் வா சார்" என்பார்கள். ஃபிளாஸ்கில் ஐஸ் கரைந்துகொண்டே வந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். அங்கே பூசாரிக்கும் மேலே ஒருத்தி இருந்தாள், அஞ்சலை. சாமியாடிச் சொல்கிறவள். அவள் சொன்னதுதான் அந்த மைக்கில் வந்துகொண்டிருந்தது. அவள் மகளுக்கு நான்தான் பிரசவம் பார்த்திருந்தேன். குறுக்கே கிடந்த குழந்தை, இரண்டு உயிரும் பிழைத்தது. நான் சாரிடம் சொன்னேன்: "அஞ்சலைகிட்ட நான் பேசறேன் சார். ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு ஒரு வார்த்தை அவ வாயால வந்தா போதும். ஊரே வந்து நிக்கும்."

"வேணாம்" என்றார்.

"உயிர் சார் அது."

"தெரியுது நர்ஸம்மா. வேணாம். கதவைத் தட்டுவோம்."

அவர் தட்டப் போனார். நான் அஞ்சலை வீட்டுக்குப் போனேன்.

அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி வந்தா நானா பேசறேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள். அது உண்மை, அவள் ஏமாற்றுக்காரி இல்லை. "வரலன்னா வந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லு. ஆத்தாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றேன். இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதே நர்ஸம்மா?" என்று கேட்டாள். ஆகாது என்றேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் பம்பை அடித்தார்கள். அஞ்சலை ஆடினாள். மைக்கைப் பிடித்து, "எம் புள்ளைங்க கையில ரெண்டு புள்ளி வெச்சிக்கினா நான் கோவிச்சிக்கமாட்டேன்டா" என்றாள். மறுநாள் காலையில் கோயில் வாசலில் இருந்து ஏரிக்கரை வரை வரிசை. சார் மலைத்துப்போய்விட்டார். கடகடவென்று குத்த ஆரம்பித்தார். நாலாவதோ ஐந்தாவதோ நின்ற கிழவர், "ஆத்தாவே உத்தரவு குடுத்துட்டா சார், நீ குத்து" என்று சந்தோஷமாகச் சொன்னார். சார் கையை நிறுத்தவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வண்டியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நாளைக்கு ஆத்தா வேணான்னா இன்னா பண்ணுவீங்க?" எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேர் தப்பித்தார்களே என்றேன். "தப்பிச்சாங்க. அத நான் இல்லன்னு சொல்லல" என்றார். அந்த வருடம் நோய் அந்த இரண்டு வீட்டோடு நின்றது. எனக்கு உள்ளுக்குள் கர்வம்தான்.

அடுத்த வருடம் பக்கத்துத் தாலுகாவில் பெரியம்மை என்று தகவல் வந்தது. காப்புக் கட்டுவதற்கு முன்பே போய்விட வேண்டும் என்று சார் அவசரப்பட்டார். புதிதாகப் பிறந்த குழந்தைகள், வாழ வந்த மருமகள்கள், இவர்களுக்குத்தான் குத்த வேண்டும். அஞ்சலைக்கு ஒரு மருமகள் வந்திருந்தாள். தனம் என்று பேர், தை மாதம் கல்யாணம் ஆனவள். கையைப் பார்த்தேன், தழும்பு இல்லை. சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அஞ்சலை வந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

ஆள் பாதியாக இளைத்திருந்தாள். "போன வருசம் ஆத்தா பேர்ல பொய் சொன்னேன். அன்னிலேர்ந்து அவ என்னைத் தூங்க வுடல. எங்க வூட்டு ஆளுங்க மேல இனிமே ஊசி படக்கூடாது. மொத்தமா கேட்டுடுவா" என்றாள். நான் எதை எதையோ சொன்னேன். சார் சொன்னது இவ்வளவுதான்: "அஞ்சலையம்மா, சாமி பேரைச் சொல்ல வேணாம். நான் கேக்கறேன். என் பேருக்காகக் குத்திக்கட்டும்." அவள், "உங்களுக்குத்தான் சாமியே இல்லியே சார். உங்க பேரை நம்பி நான் எப்பிடி நீட்டறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

திருவிழாவில் அவளுக்கு உண்மையாகவே சாமி வந்தது. என் பிள்ளைகளை ரத்தம் சிந்த வைத்தது போதும், இனி யாரையும் தொடாதே என்று மைக்கில் சொன்னாள். ஊர் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டது. சார் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஒன்பது நாள் நடந்தார். பத்தாம் நாள் போனபோது வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது.

தனம் செத்துப்போனாள். அம்மையில் போனவர்களுக்கு அழக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்று கணக்கு. மேளமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. பத்தொன்பது வயசுப் பெண்ணைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் அழவில்லை. என் உடம்பு அன்றைக்குத்தான் இப்படி ஆயிற்று என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம், மீதிப் பேருக்காவது குத்தலாம் என்று போனோம். தனத்தின் புருஷன் முருகன் வழி மறித்தான். கூட்டம் சேர்ந்துவிட்டது. "எங்கம்மா சாமி மேல பொய் சொன்னேன்னு பொலம்புது. ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லச் சொன்னாங்களாம். யாருய்யா சொன்னது?" என்று கேட்டான். அஞ்சலை சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார் ரங்கநாதன் சார்.

முருகன் அவர் சட்டையைப் பிடித்தான். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து யார் காலிலோ நசுங்கியது. இரண்டு பெரியவர்கள் வந்து விலக்கினார்கள். நான் ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மனு போயிற்று, விசாரணை வந்தது, அங்கேயும் அவர் அதையே சொன்னார். ஜில்லாவின் தெற்குக் கோடிக்கு மாற்றினார்கள். பக்தர்கள் தெய்வக் குற்றம் என்றார்கள். மேடைக்காரர்கள், நாத்திகர் ஆத்தாவை வாடகைக்கு எடுத்தார் என்று கிண்டலாகப் பேசினார்கள். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒன்றாகத் திட்டியது அந்த ஒரு மனிதரைத்தான். எப்படித் தெரியும் என்று அவர் விஷயத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அவர் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். "ஏன் சார்?" என்றேன். அவர் தன் பெட்டியை பஸ் மேலே ஏற்றுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே பேசினார். "நான் போனா வேற ஒரு குத்தறவன் வருவான். உங்களை ஊருக்குள்ள வுடலன்னா பிரசவத்த எவன் பாப்பான்? அந்த ஊர்ல மூணு பொண்ணுங்க வாயும் வயிறுமா இருக்காங்க. யோசிச்சுப் பாத்தேன், வேற வழி தெரியல." அதோடு சரி. 'அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு இங்கேயே திரும்பி வந்தார். பார்க்கும்போதெல்லாம், "நல்லா இருக்கீங்களா நர்ஸம்மா?" என்பார். நானும் நல்லா இருக்கேன் சார் என்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். வேலை போய்விடும் என்று பயம். பிறகு, இத்தனை நாள் கழித்து எதற்கு என்று சோம்பல். அவர் போன பிறகு அவர் வீட்டில் சங்கு ஊதி எல்லாச் சடங்கும் செய்தார்கள். மேடை நண்பர்கள் சிலர் முகம் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அவர் மனைவி என்னிடம், "நான் செத்தப்புறம் எனக்கு இன்னா தெரியப் போவுது, உனக்கு எது நிம்மதியோ செய்யின்னு சொல்லியிருந்தாரும்மா" என்றார்.

எட்டாம் நாள் நான் அந்த ஊருக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. முருகன் களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தான். அவனை நிற்க வைத்து, அன்றைக்கு உன் அம்மாவைச் சொல்லச் சொன்னது நான், சார் இல்லை என்றேன். பதிலுக்கு அவன் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "தெரியும் நர்ஸம்மா" என்றான். "அம்மா அந்த வருசமே சொல்லிச்சு. பஸ் ஏறி அவரு இருக்கற ஊருக்கே போனேன், கால்ல வுழலாம்னு. 'உங்கம்மா கலங்கிப் போயிருக்குது, அது சொல்றத நம்பாத, சொன்னது நான்தான்'னாரு. மூஞ்சப் பாத்தேன். அந்தாளுக்குப் பொய் சொல்லவே வரல."

"அப்ப என்னை ஏன்டா கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னாரு. சாப்பாடு வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி வுட்டாரு." களத்தின் அந்தப் பக்கம் ஒரு குழந்தை மல்லாட்டையை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தது. அவனுடைய இரண்டாவது சம்சாரத்தின் குழந்தை. "அது பொறக்கறப்ப உங்களத்தான கூப்ட வந்தேன்?" என்றான்.

ஆமாம், என்னைத்தான் கூப்பிட்டான். சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றான். நானும் பெரிய மனுஷி மாதிரி பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன். எல்லாம் தெரிந்துதான் அவன் என்னை அந்த வாசற்படி ஏறவிட்டிருக்கிறான்.

அவரிடமிருந்து என்னோடு வைத்துக்கொள்வது என்ன என்று இந்த மாதிரிக் கட்டுரையின் கடைசியில் எழுத வேண்டும். நேர்மை, துணிவு என்றெல்லாம் எழுத எனக்கு வாய் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை மட்டும்தான் இப்போது உணர முடிகிறது. அவர் சொன்ன எல்லாவற்றையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்நாளில் சொன்ன அந்த ஒரு பொய்யை என்னிடம் கொடுத்துவிடுங்கள். அது முதலிலிருந்தே என்னுடையது.